வராத வெள்ளையணுக்கள்

அவள் இறந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

பிணவறையை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் போன் அலறியது.

பிரேதப் பரிசோதனை டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் ரிசீவரைத் தடவி எடுத்தாள்.

"மேடம், இன்ஸ்பெக்டர் பேசறேன். மூணு மணிக்கு உங்க பேஷன்டோட புருஷனைக் கோர்ட்ல நிறுத்தணும். கையெழுத்துப் போட்டாச்சா?"

"எனக்கு பேஷன்ட்னு யாரும் கிடையாது, சார். எல்லாரும் போனப்புறம்தான் என்கிட்ட வர்றாங்க. கொஞ்சம் பொறுங்க."

"காலையில வாயால சொல்லிட்டீங்களே! தலையில அடிபட்டு அரை மணி நேரத்துக்குள்ள உயிர் போயிருக்குன்னு. உயிர் போனது முந்தாநாள் சாயந்திரம் ஆறரை. புருஷன் வீட்டுக்குள்ள நுழைஞ்சது ஆறு. உள்ளே வேற ஈ காக்கா இல்லை. எனக்கு மூளையே தேவைப்படாத முதல் கேஸ் மேடம் இது!"

"அவர் என்ன சொல்றார்?"

"டூட்டி முடிஞ்சு பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு வந்தேன், கட்டிலுக்குப் பக்கத்துல கிடந்தா, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள என் மடியிலேயே போயிட்டாங்கறான்."

"கையில காலில எல்லாம் கன்னிப்போன தடம் இருக்கே?"

"நான் கை வெச்சதே இல்லைங்கறான். அப்போ தானா வந்துச்சா? அவ தம்பியைக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அது போதாதா? புருஷனையும் கூட்டிக்கிட்டு வர்றேன். கையெழுத்தை வாங்கிட்டு அப்படியே கோர்ட்."

போன் துண்டிக்கப்பட்டது.

டாக்டர் காலையில் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

உயிருள்ள உடம்பில் காயம் பட்டால் ரத்தத்தின் வெள்ளையணுக்கள் சும்மா இருப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சுவரைத் துளைத்துக்கொண்டு காயத்துக்குள் இறங்கும். ஐந்தாறு மணி நேரத்தில் பெரிய படையே வந்துவிடும்.

இதயம் நின்றுவிட்டால் எதுவும் வராது.

இவளுடைய காயத்தில் ஒன்றுகூட இல்லை.

"மேடம்..."

டெக்னீஷியன் பக்கத்தில் வந்து நின்றாள். தடித்த கண்ணாடி. ஆய்வுக்கூடத்தில் அவள் பெயரே பூதக்கண்ணாடிதான்.

"என்ன பூதக்கண்ணாடி?"

"திட்டாதீங்க. காயத்துல இல்லை, சரி. கல்லீரல் ஸ்லைடைப் பார்த்தேன். நுரையீரலைப் பார்த்தேன். ரத்தக் குழாய்க்குள்ளேயே வெள்ளையணு இல்லை மேடம். தேடித் தேடி ஒண்ணு ரெண்டுதான்!"

டாக்டர் நிமிர்ந்தாள்.

"என்ன சொல்றே?"

"தெருவுல கலாட்டா, போலீஸ் வரலைன்னா கலாட்டா இப்பதான் ஆரம்பிச்சிருக்குன்னு நினைக்கிறோம். ஸ்டேஷன்லயே ஆள் இல்லைன்னா?"

டாக்டர் அந்த ஸ்லைடுகளை வாங்கிப் பார்த்தாள்.

காயத்தின் விளிம்பு வீங்கியிருந்ததை அவள் நேற்றே பார்த்திருந்தாள். அரை மணி நேரத்துக்கு இது அதிகமாயிற்றே என்று ஒரு கணம் யோசித்தாள். செல்கள் இல்லாததைப் பார்த்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டாள். பதினொரு வருஷப் பழக்கம். காயத்தை மட்டும் பார்க்கிற பழக்கம்!

"விலா எலும்பு எடுத்து வெச்சோமே, கொண்டு வா."

எலும்பை இடுக்கியால் நசுக்கினாள். பிதுங்கியதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமேற்றி, பார்த்தாள்.

ரத்த அணுக்கள் பிறக்கிற இடம் அது. நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டிய செல்களைக் காணோம். வெறும் கொழுப்பு.

"மஜ்ஜை வற்றிப் போயிருக்கு" என்றாள் மெல்ல. "வெள்ளையணு இல்லை. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களும் இருந்திருக்காது. லேசா இடிச்சுக்கிட்டாலே கன்னிப்போகும்..."

"அப்போ புருஷன் அடிக்கலை!"

"அடிச்ச தடம் இல்லை அது. மண்டைக்குள்ள ரத்தமும் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிருக்கு. விழுந்தது ஆறு மணிக்கு இல்லை. மத்தியானமாவே இருக்கலாம்!"

வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார். பின்னால் பஸ் டிரைவர் சீருடையோடு கணவன். இரண்டு நாளாக மாற்றாத சட்டை. மடியில் ரத்தக்கறை. உடலை வாங்க வராந்தா பெஞ்சில் காத்திருந்த தம்பியும் எழுந்து வந்து கதவோரம் நின்றான்.

டாக்டர் எல்லாவற்றையும் சொன்னாள். தன் தவறையும் சொன்னாள்.

"மேடம், இப்போ எனக்கு மூளை தேவைப்படுதே!" என்றார் இன்ஸ்பெக்டர். யாரும் சிரிக்கவில்லை.

"உங்க மனைவிக்கு இந்த நோய் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?" டாக்டர் கணவனைக் கேட்டாள்.

கணவன் விழித்தான்.

"நோயா? சோர்வா இருக்குன்னா. தூங்கினா சரியாயிடும்னேன்... அதைத்தாங்க சொன்னேன்."

"எனக்குத் தெரியும்."

தம்பியின் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மூணு வாரமா தெரியும். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். மாமாகிட்ட சொல்லாதேன்னா. பஸ் நிறைய ஜனத்தை வெச்சுக்கிட்டு ஓட்டறவர், இதை மனசுல போட்டுக்கிட்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாதுடான்னா."

"அன்னைக்கு மத்தியானம்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வீட்டுக்குப் போனேன். கூடப் பிறந்தவங்க மஜ்ஜை பொருந்தினா பிழைக்கலாம்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தாங்க. இருக்கறது நான் ஒருத்தன்தானே. என் கன்னத்துக்குள்ள பஞ்சால தடவி எடுத்துச் சோதிச்சிருந்தாங்க. பொருந்தலை அக்கான்னு சொன்னேன். அப்படியே மயங்கிச் சாஞ்சா. இரும்புக் கட்டில் முனை..."

தன் தலையைத் தொட்டுக் காட்டினான்.

"உடனே எழுந்துட்டா. ஒண்ணுமில்லைடா, நீ வேலைக்குப் போன்னு சிரிச்சா. போயிட்டேன்."

"இதை ஏன்யா அப்பவே சொல்லலை?" இன்ஸ்பெக்டர் சீறினார். "இந்த மனுஷன் ரெண்டு நாளா லாக்கப்ல..."

"விடுங்க சார்."

கணவன்தான். தம்பியின் தோளில் கை வைத்தான்.

"டேய்... அழாதேடா. அவ கேட்டுக்கிட்டா, வாயை மூடிக்கிட்டிருந்தே. பொருந்தலைன்னா அதுக்கு நீ என்ன பண்ணுவே? பொருந்தியிருந்தா நீ உயிரையே கொடுத்திருப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

தம்பி அந்தக் கையை எடுத்துவிட்டான்.

"அப்படிச் சொல்லாதீங்க மாமா!"

"என்னடா?"

"பொருந்துச்சு மாமா. எல்லாம் பொருந்துச்சு. ரிசல்ட்டை ஆஸ்பத்திரியில என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. நான்தான் அக்காகிட்ட இல்லைன்னுட்டேன்... எனக்கு ஊசின்னா பயம்."