மூச்சுக்கவசத்தில் யார் முகம்?

"ஐயோ... போச்சே!"

காலை பத்து மணி. பட்டறையிலிருந்து வந்த அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது!

திறந்த அலமாரியின் முன்னால் டிசைனர் தொப்பென்று உட்கார்ந்தார்.

முகத்தில் மாட்டும் சுவாசக் கவசத்தின் வெளி ஓடு... எட்டு மாத உழைப்பு... காணோம்!

பன்னிரண்டு மணிக்குள் எல்லாப் பக்கமும் படமெடுத்து அந்த வடிவத்தைத் தன் பெயரில் ஆன்லைனில் பதிவு செய்தாக வேண்டும். அவருடைய முந்தைய இரண்டு வடிவங்களையும் போட்டிக் கம்பெனி முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டது. இதுவும் போனால் பட்டறைக்குப் பூட்டுதான்!

அரை மணி நேரத்தில் பெண் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"அந்த ஓட்டுல அப்படி என்ன விசேஷம்?"

"அலங்காரம் மேடம்! ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு குழி, அதுலேர்ந்து சூரியக் கதிர் மாதிரி கோடு விரியும்..."

"அதனால மூச்சு நல்லா வருமா?"

"வராது. பார்க்க அழகா இருக்கும். ஆஸ்பத்திரில பிள்ளைங்க அழாம மாட்டிக்கும்."

"சாவி?"

"ஒண்ணுதான். என் கழுத்துலயே கிடக்கும்."

"இங்க வேற யாரு வேலை செய்யறாங்க?"

"என் மச்சினன். மனைவியோட தம்பி. வார்ப்பு அச்சு செய்யறவன்."

இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பினார். அச்சுக்காரனுக்கு முத்து முத்தாக வியர்வை!

"ஏன் வேர்க்குது?"

"போலீஸ் இப்படிப் பார்த்தா ஐஸ்கட்டிக்கே வேர்க்கும் மேடம்!"

"போட்டிக் கம்பெனில யாராவது பேசினாங்களா?"

"பேசினாங்க... வேலைக்கு வர்றியான்னு."

"என்ன சொன்னே?"

"அக்கா தோலை உரிச்சிடுவான்னு சொல்லி போனை வெச்சுட்டேன்!"

டிசைனரின் போன் அலறியது.

"என் மனைவி... மாடி வீட்லேர்ந்து."

"ஸ்பீக்கர்ல போடுங்க!"

"உங்க சாமான் என்கிட்டதான் இருக்கு. உடனே மேல வாங்க. இல்லே... சுத்தியலால ஒரே போடு!"

மூன்று பேரும் படியில் பாய்ந்தார்கள்.

மனைவியின் ஒரு கையில் ஓடு. மறு கையில் சுத்தியல்!

"குளிக்கும்போது சாவியைக் கழட்டி வெச்சாரு. எடுத்தேன். எட்டு மாசமா இதைப் பார்த்துப் பார்த்துத் தனியா சிரிக்கிறாரு மேடம்! எனக்குக் கன்னக்குழி கிடையாது. இதுல ரெண்டு குழி இருக்கு! யார் அவ?"

மணி பதினொன்று இருபது...

சுத்தியல் உயர்ந்தது!

"வேணாம்! சொல்லிடறேன்..." டிசைனர் கும்பிட்டார். "அவ இல்ல... அவன்!"

அவர் விரல் அச்சுக்காரனை நோக்கி நீண்டது!

"மத்தியானம் சாப்பிட்டதும் வேலை நேரத்துல மல்லாந்து தூங்குவான். பச்சைக் குழந்தை மாதிரி கன்னத்துல குழி விழும். எழுப்பாம வரைஞ்சேன்."

"மாமா! எட்டு மாசமா ராவித் தேய்ச்சது என் மூஞ்சியவா?"

வெட்கத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கன்னத்திலும் குழி!

அக்காவின் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்... கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

படங்கள் பறந்தன. பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் பதிவு முடிந்தது!

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். "களவே இல்ல. கேஸும் இல்ல. வரட்டுமா?"

"இருங்க மேடம்!" அச்சுக்காரன் வாசலை மறித்தான். "தூங்கறப்ப என் மூஞ்சியத் திருடியிருக்காரு... என் புகாரை எழுதிக்கிட்டுப் போங்க!"