அழித்த எண்

சாவி இன்னும் சிவதாணுவின் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் ஸ்கேனரின் சின்னத் திரையில் எண் வந்து நின்றது.

பி-0420.

அவன் கேபிளைப் பிடுங்கி, முனையைச் சட்டையில் துடைத்து, ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்த துளையில் மறுபடி செருகினான். சாவி போடாத வண்டியின் கம்ப்யூட்டர் செத்த மாதிரிக் கிடக்கும். அதனிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. திருவனந்தபுரத்துக்கு வந்து ஆறு வருடமாக இந்த ஸ்கேனர் வேலையைத்தான் செய்கிறான். ஒரு வண்டிகூட, கேட்பதற்கு முன்பே பதில் சொன்னதில்லை. கரமனைப் பட்டறையின் தகரக் கூரையில் ஆடிமழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கே விளக்கு போட வேண்டியிருந்தது.

திரையில் அதே எண்.

"என்னவாம் காட்டுகு?" வண்டிக்காரர் தாணுமாலையன் குடையை மடக்கியபடி குனிந்து கேட்டார். விதுராவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. சிவதாணுவுக்கும் அந்தப் பக்கம்தான்.

"கன்வெர்ட்டர் போயிருக்கு அண்ணாச்சி. புகையில உள்ள விஷத்த முறிக்கப்பட்ட சாதனம். அது வேல செய்யல்லன்னு காட்டுகு. வண்டிக்குள்ள வாசம் எதும் உண்டா?"

"அழுகின முட்ட கணக்கா. பின் சீட்டுல இருந்தா கூடுதலு." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்க பேத்தி, நாலு வயசு. ஏறி இருந்த அஞ்சாவது நிமிஷம் உறங்கிருவா. முந்தாநாளு எழுப்ப எழுப்ப எழும்பல்ல பிள்ள. பொறவு ஒரே வாந்தி. மருமவ இனி இந்த வண்டியில ஏத்தப்படாதுன்னு பறஞ்சிட்டா. நீதான் பாத்துத் தரணும்."

சிவதாணு சாவியைப் போட்டு ஒரு திருப்பு மட்டும் திருப்பினான். எஞ்சினைக் கிளப்பவில்லை. திரையில் இரண்டு கோடுகள் வந்தன. மேலே இருப்பது கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார். கீழே இருப்பது பின்னால் உள்ளது. எஞ்சின் ஓடாதபோது இரண்டும் நேராகக் கிடக்க வேண்டும்.

மேல்கோடு நேராகக் கிடந்தது. கீழ்க்கோடு மெல்ல எழுந்தது. கொஞ்சம் நின்றது. மெல்ல இறங்கியது. பிறகு மறுபடி, அவசரமே இல்லாமல், ஆழ்ந்து உறங்கும் ஒருவரின் நெஞ்சைப் போல எழுந்தது. அவன் தன்னையறியாமல் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அதை உணர்ந்ததும் சாவியைத் திருப்பி அணைத்தான்.

வயரிங்கில் ஈரம் இறங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். மழைக்காலத்தில் இதெல்லாம் சகஜம்.

வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு, கைவிளக்கோடு அடியில் போனான். வயிற்றடியிலிருந்து சேறு கலந்த தண்ணீர் சொட்டியது. புகைக்குழாயின் நடுவில் ஒரு அடி நீளத்துக்குக் கன்வெர்ட்டர் டப்பா துருவேறித் தொங்கியது. அதன் மேல்பக்கம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் வைத்த ஒரு வெல்டிங் கோடு ஓடியது. முனையில் ராடு தீர்ந்துபோய், விரற்கடை நீளத்துக்கு மூடாமல் விட்ட இடைவெளி.

அவன் அந்த வெல்டிங்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கையெழுத்தைப் போல வெல்டிங்கும் ஆளுக்கு ஆள் மாறும். இது அவனுடையது.

இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு பட்டறையில் இருந்தான். வெள்ளை வண்டியோடு ஒரு இளைஞன் வந்தான். பின் சீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். இதே எண்தான்; டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. புதுக் கன்வெர்ட்டர் வாங்க வசதியில்லை, எப்படியாவது விளக்கை அணைத்துத் தாருங்கள் என்றான். சிவதாணு டப்பாவை அறுத்து, உள்ளே இருந்த தேன்கூடு போன்ற கல்லைக் கம்பியால் இடித்துக் கொட்டி, வெறும் கூட்டை மூடி வெல்டிங் வைத்தான். பின் சென்சாரின் வயரில் ஒரு சில்லறைச் சாமானைக் கோர்த்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றினான். எண்ணை அழித்தான். விளக்கு அணைந்தது. எல்லாப் பட்டறையிலும் செய்கிறதுதான். இடைவெளியை நாளைக்கு வந்தால் அடைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தான். அந்த இளைஞன் வரவில்லை.

அடுத்த வாரம் பேப்பரில் பார்த்தான். பொன்முடிப் பாதையில் மரம் விழுந்து வண்டிகள் நின்றபோது, அதே வெள்ளை வண்டியில் மழைக்குக் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டு உட்கார்ந்திருந்த நான்கு பேர், உள்ளே புகுந்த புகையில் இறந்திருந்தார்கள். உறங்குகிறார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்களாம். அன்றே பேப்பரை மடித்து அடுப்பில் போட்டான். மாதம் முடிவதற்குள் வேலையை மாற்றிக்கொண்டான். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"அண்ணாச்சி," வெளியே வந்து கேட்டான், "இந்த வண்டி எங்க வாங்கினது?"

"ஏலத்துல. கேசு தீர்ந்து போலீஸ் ஸ்டேஷன்ல கெடந்த வண்டியாக்கும். பெயின்டு மட்டும் நான் மாத்தினேன்." அவர் அவன் முகத்தைப் பார்த்தார். "ஏன், கொழப்பம் எதும் உண்டா?"

கதவு ரப்பரை விலக்கிப் பார்த்தான். சிவப்புக்கு அடியில் வெள்ளை.

"ஒண்ணுமில்ல," என்றான்.

அதை அப்போதே சொல்லியிருக்கலாம். வேலையால் அதைச் சரிசெய்துவிட முடியும் என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நம்பினான்.

பழைய டப்பாவைக் கழற்றி இறக்கினான். கனமில்லாத வெறும் கூடு. அதன் வாயில் முகம் வைத்தபோது அழுகிய முட்டை வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனை உள்ளே இருக்கும் கல்லில்தான் உண்டாகும். கல்லை அவன் இடித்துக் கொட்டி இரண்டு வருடம் ஆகிறது. டப்பாவைப் பட்டறைக்குப் பின்னால் மழையில் தூக்கி வைத்தான். உள்ளே வந்து சோப்பு போட்டு மூன்று தடவை கை கழுவினான்.

புதுக் கன்வெர்ட்டர் பொருத்தினான். புதுச் சென்சார், புது கேஸ்கெட். எஞ்சினை ஓடவிட்டு எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. வண்டியின் தரைத்தகட்டில் இருந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்தான். எண்ணை அழித்தான். கீழ்க்கோடு, இருக்க வேண்டியபடி, நேராக ஓடியது.

"ஏத்தத்துலதான் விளக்கு எரியுது. நீயும் கூட வந்து ஒண்ணு பாத்துரு," என்றார் தாணுமாலையன். "ராத்திரி பஸ்ஸுக்கு அனுப்பி வைக்கேன்."

அவன் மறுக்கவில்லை. வழியில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஸ்கேனரோடு முன் சீட்டில் ஏறினான். நெடுமங்காடு வரை சொல்ல வாய் வரவில்லை. விதுராவில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தியபோது மூன்று மணி. மருமகள் கலைச்செல்வி இடுப்பில் குடமும் கையில் குடையுமாக நின்றாள். பேத்தி மழையில் ஓடிவந்து பின்கதவைத் திறந்தாள்.

"வேண்டாம்! ஏத்தாதீங்க!"

தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று சிவதாணு நினைக்கவில்லை. கலைச்செல்வி குடத்தைப் போட்டுவிட்டு வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டாள். பிள்ளை அழவில்லை. காலியான பின் சீட்டைப் பார்த்தபடியே அம்மாவின் பின்னால் ஒளிந்தது.

"வண்டி சரியாயிட்டுன்னுதானே சொன்னீங்க?" என்று மாமனாரைக் கேட்டாள் கலைச்செல்வி.

"ஒருக்க ஏத்தத்துல பாத்துட்டு சொல்லுகேன் அக்கா. அதுவர வேண்டாம்," என்றான் சிவதாணு.

கல்லாற்றைத் தாண்டியதும் பொன்முடி ஏற்றம் தொடங்கியது. மழை கனத்தது. வளைவுக்கு வளைவு மூடுபனி இறங்கி, பகலின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஈரப் பாறையின் மணமும் தேயிலைச் சரிவின் பச்சை மணமும் கண்ணாடி இடுக்கு வழியாக வந்தன. வண்டி தயங்காமல் இழுத்தது. தாணுமாலையன் சந்தோஷத்தில் ஸ்டியரிங்கைத் தட்டினார். சிவதாணு மடியிலிருந்த ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழ்க்கோடு நேராக ஓடியது. ஒன்பதாவது வளைவு வரை நேராகவே ஓடியது.

அங்கே முன்னால் ஒரு ஜீப் நின்றது. அதற்கு முன்னால் வேறு வண்டிகள். பின்னால் ஒரு அரசு பஸ் முனகியபடி வந்து நின்றது.

"மரம் விழுந்திருக்காம்," ஜன்னலை இறக்கி விசாரித்த தாணுமாலையன் சொன்னார். கண்ணாடியை ஏற்றினார். ஏசியைப் போட்டார்.

"ஏசி வேண்டாம் அண்ணாச்சி. எஞ்சினை அணையுங்க."

"கண்ணாடியில ஆவி மூடுதுல்லா."

"அணையுங்க. சொன்னா கேளுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பி உருவினார். சாவி அவர் கையில் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் சாவியைப் பார்த்தார்கள். ஏசித் துளைகளிலிருந்து குளிர்காற்று வந்தது. அதில் அழுகிய முட்டை வாசனை.

மடியில் கீழ்க்கோடு எழுந்தது. நின்றது. இறங்கியது.

பின் கண்ணாடிகள் மட்டும் உள்ளேயிருந்து மங்கத் தொடங்கின. முன்பக்கம் தெளிவாக இருந்தது. பின்னால் இரண்டு பக்கமும் ஆவி படிந்து, வழிந்து, மறுபடி படிந்தது. சீட்டின் ரெக்ஸின் மெல்லக் கிறீச்சிட்டது. யாரோ யாருக்கோ நகர்ந்து இடம் கொடுப்பது போல. சிவதாணு திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று அவன் கழுத்துக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணாச்சி, கதவத் தொறங்க. எறங்குவோம்."

ஓட்டுநர் பக்கக் கதவு திறக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒரு காரியம் சொல்லணும். இந்த வண்டிய எனக்குத் தெரியும். அந்த ஓட்ட நான் விட்டதாக்கும். நான் அடைக்காம விட்டது. நாலு பேரு. நான் ஆர்ட்டயும் சொல்லல்ல. கேக்குதா?"

தாணுமாலையனின் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அவர் கன்னம் சிறுபிள்ளையின் கன்னம் போலச் சிவந்திருந்தது. உதடும் சிவப்பு. அழகான சிவப்பு. அது புகையின் விஷம் ஏறிய ரத்தத்தின் நிறம் என்று சிவதாணுவுக்குத் தெரியும்.

கதவுப் பிடி அவன் முழங்கைக்கு அருகில்தான் இருந்தது. கையைத் தூக்க நினைத்தான். கை கேட்கவில்லை. நெற்றிப்பொட்டில் ரத்தம் அடித்தது. பிறகு அதுவும் தூரமாகப் போனது. பின்னாலிருந்து ஒரு சின்ன மூச்சு அவன் காதோரத்தில் பட்டது. வெதுவெதுப்பாக. இன்னொன்று. அதற்கும் பின்னால் பெரியவர்களுடையவை இரண்டு.

உறக்கம் வந்தது. பயம் போகவில்லை. பயத்தோடேயே உறக்கம் வந்தது.

கண்ணாடியில் தட்டும் சத்தம்.

வெளியே ஒரு ஆள். பஸ் கண்டக்டர். தலையில் பிளாஸ்டிக் பை, தோளில் தோல்பை, அதன் மேல் வழியும் மழை. கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். சிவதாணு அவர் கண்ணை நேராகப் பார்த்தான். கத்தினான். கத்தியதாக நினைத்தான். உதடு அசையவில்லை.

கண்டக்டரின் பார்வை அவனைத் தாண்டி ஓட்டுநர் சீட்டுக்குப் போனது. அங்கிருந்து பின்னால் போனது. அவர் முகம் இளகியது. சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால் மனிதர்கள் சிரிப்பார்களே, அப்படி ஒரு சிரிப்பு.

"எத்தற பேருண்டு?" பஸ்ஸிலிருந்து டிரைவர் கேட்டார்.

கண்டக்டர் கண்ணாடிக்கு வெளியே விரலை நீட்டினார். அவனிலிருந்து தொடங்கினார். ஒன்று. இரண்டு. விரல் பின் சீட்டுக்கு நகர்ந்தது. மூன்று. நான்கு. கீழே, சின்ன உயரத்தில், ஐந்து. அதன் பக்கத்தில், ஆறு.

"ஆறு பேருண்டு," என்று திரும்பிக் கத்தினார். "எல்லாரும் நல்ல உறக்கமா. பாவங்கள், உறங்கட்டே."

பையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் மழைக்குள் நடந்து போனார்.