ஆர்வோவின் பாறைமேடு

லெஸ்டர் படகை நிறுத்தியது சரியான இடத்தில். அதுதான் சரியில்லை.

இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்ல ஹில்யா வாயைத் திறப்பதற்குள், கரையில் இருந்த இரட்டைப் பைன் மரம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியை மறைக்கும்வரை அவனே படகை நகர்த்தி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நங்கூரத்தை இறக்கிவிட்டான். அந்த அடையாளத்துக்கு நேரே, தண்ணீருக்கடியில் ஒரு பாறைமேடு இருப்பதும், இலையுதிர் காலத்தில் பொழுது சாயும்போது வால்ஐ என்னும் ஏரி மீன்கள் ஆழத்திலிருந்து அதன் மேல் ஏறி வருவதும் அவளுக்கும் அவள் கணவன் ஆர்வோவுக்கும் மட்டுமே தெரியும். நல்ல மீன் இடத்தை இந்த ஊரில் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

போன அக்டோபரில் மீன் பிடிக்கப் போன ஆர்வோ திரும்பவில்லை. "தெக்கு வளைகுடாவுல பாத்தேன், கைகூட ஆட்டினான்" என்றான் அவனுடைய சிநேகிதன் லெஸ்டர். காலிப் படகும் அங்கேதான் கிடைத்தது. ஏரி உறையும்வரை தெற்கிலேயே தேடினார்கள். ஹில்யா பாறைமேட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. கண்ணால் பார்த்தவன் சொல்கிறானே.

குளிர்காலம் முழுக்க லெஸ்டர் அவளுக்கு விறகு பிளந்து போட்டான். போன ஞாயிறு, கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். இனி இவனிடம் ஒளிக்க என்ன இருக்கிறது என்றுதான் இந்த இடத்தைக் காட்ட இன்று கூட்டி வந்தாள்.

"என்ன முழிக்கிற? மீன் பிடிக்க வந்தியா, ஜெபம் பண்ண வந்தியா?"

"இந்த இடம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே கையக் காட்டின."

அவள் காட்டவில்லை. குளிருக்கு இரண்டு கையையும் முழங்காலுக்கிடையே செருகியபடியேதான் வந்தாள்.

காற்று நின்றிருந்தது. குளிர் ஏற ஏற ஏரியின் அடித்தண்ணீர் மேலே புரண்டு வரும் பருவம் இது. அழுகிய பாசியும் பழைய சேறும் கலந்த நாற்றம் மேலே வந்து, அவன் தெர்மாஸில் இருந்து ஊற்றிய காப்பியின் மணத்தோடு சேர்ந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இவன் பிளந்த விறகிலா குளிர் காய்ந்தேன்? இவன் கொண்டுவந்த சூப்பையா குடித்தேன்?

"அவன் இங்கதான் இருக்கானா, லெஸ்டர்?"

அவன் காப்பியைக் குடித்து முடித்தான்.

"சின்ன வயசுலேர்ந்து சிநேகிதம். இந்தப் பாறை எங்கன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்! தெக்க, தெக்கன்னே என்னைச் சுத்தவிட்டான். ஒரு நாள் பின்னாலேயே வந்துட்டேன். மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறான், ஹில்யா."

படகின் முன்பக்கம் லேசாகத் தாழ்ந்தது.

அவள் பக்கம்தான் அது; நங்கூரக் கயிறு கட்டியிருந்ததும் அங்கேதான். நெற்றியில் கட்டியிருந்த விளக்கைத் தண்ணீருக்குள் பாய்ச்சினாள். கீழே வால்ஐ மீன்களின் கண்கள், வெளிச்சம் பட்ட பூனைக் கண்களாக, ஜோடி ஜோடியாக எரிந்தன. வெளிச்சத்தைக் கண்டால் விலகி ஓடும் மீன்கள் ஓடவில்லை. நங்கூரக் கயிற்றைச் சுற்றி அசையாமல் நின்றன. எல்லாம் மேலே பார்த்தபடி.

கயிறு இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது.

யாரோ கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்து ஏறினால் அப்படித்தான் இறுகும்.

"பாறையில மாட்டியிருக்கும்" என்றான் லெஸ்டர். குரல் உடைந்திருந்தது.

ஒரு இழுப்பு. படகு தாழ்ந்தது. இன்னொரு இழுப்பு.

"கத்திய எடு. உன் காலடியில இருக்கு பாரு. கயித்த அறு!"

எடுத்தாள்.

"அறுடீ! ஹில்யா, கெஞ்சிக் கேக்கறேன், அறு!"

கத்தியைத் தண்ணீரில் போட்டாள்.

விளிம்பின் மேல் நான்கு விரல்கள் வந்தன. வெளுத்து, ஊறி, நகமில்லாமல். அவள் உட்கார்ந்திருந்த பலகையை அவை தடவித் தடவித் தேடின.

ஹில்யா ஓரமாக நகர்ந்து, லெஸ்டரிடம் போக வழி விட்டாள்.