கைப்பிடியில் தொங்கிய போன்

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்: என் அக்கா ஹேரான். அவள் கணவர் கிஹோன். அவர்களுடைய பதினான்கு வயது மகள் யுன்சல். இரவு வேலை முடித்துப் படுத்து, பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்ட நான். மேசை நடுவே டைமர் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் எங்கள் நால்வரின் கைப்பேசிகள். பெட்டிக்கு வெளியே, தனியாக, ஐந்தாவதாக ஒன்று.

கூட்டம் அதைப் பற்றித்தான்.

நான் அந்த வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கல்லூரியை மூன்றாம் ஆண்டில் விட்டவன். பார்சல் கிடங்கில் இரவெல்லாம் பெட்டி தூக்குகிறேன். வாடகை அறையைக் காலி செய்யச் சொன்னபோது அக்கா தன் வீட்டுச் சின்ன அறையைக் கொடுத்தாள். இரண்டு பைகளோடு வாசலில் நின்று செருப்பைக் கழற்றியவனிடம் அவள் "வாடா" என்று சொல்லவில்லை. "போனைப் பெட்டியில போடு" என்றாள்.

அந்தப் பெட்டிக்குச் சாவி கிடையாது. நேரத்தைத் திருகி வைத்துவிட்டால் எண்ணி முடிக்கும்வரை திறக்காது. எங்கள் அடுக்ககத்தில் பிள்ளை இருக்கிற பாதி வீடுகளில் அது இருக்கும். ஞாயிறு மூன்றிலிருந்து ஆறு வரை எல்லோருக்கும் விதி. மற்ற நாட்களில் யுன்சலுக்கு மட்டும்.

பள்ளியிலும் அதே கதைதான். காலையில் வகுப்பாசிரியை, எண் போட்ட அறைகள் தைத்த பையை நீட்டுவார். போனைப் போட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பிள்ளைகள் பழைய, செத்த போன் ஒன்றைப் போட்டுவிட்டு உண்மையானதைக் காலுறைக்குள் செருகிக்கொள்வார்கள். யுன்சலும் அப்படித்தான்; அவள் பையில் போட்டுவந்தது இந்த ஐந்தாவது போன்.

வெள்ளிக்கிழமை ஆசிரியை அக்காவை அழைத்திருக்கிறார்.

"உங்க பொண்ணு போன் பையில அடிச்சுக்கிட்டே இருக்கும்மா. திரையில 'அம்மா'ன்னு வருது. வகுப்பு நேரத்துல கூப்பிடாதீங்க."

அக்கா அப்போது பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருந்தாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை.

"இதுல சிம்மே இல்ல," என்றாள் அக்கா, மேசையில் கிடந்த போனை விரலால் தள்ளி. கொண்டை ஊசியால் அவளே சிம் தட்டை வெளியே எடுத்துப் பார்த்திருந்தாள். "எவனோ வைஃபைல பேசறான். அம்மான்னு பேர் வச்சுக்கிட்டு."

"எவனும் இல்ல," என்றாள் யுன்சல். "அது பாட்டுக்கு வருது."

"அது பாட்டுக்கு வருதாம். தேசு, நீ வாங்கிக் குடுத்தியா?"

"நான் எதுக்குக்கா வாங்கித் தரப் போறேன்?"

"பகல் பூரா வீட்ல இருக்கறவன் நீ ஒருத்தன்தான்."

அத்தான் தொண்டையைச் செருமினார். "அவன் தூங்கறான்மா பாவம். குறட்டை நாலு வீட்டுக்குக் கேக்குது."

அக்கா சிரிக்கவில்லை. யுன்சலிடம் போனை நீட்டி, திறக்கச் சொன்னாள். யுன்சல் திறந்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

'எங்கே இருக்கே.'

'மேசையைக் காட்டு.'

'புத்தகத்தைத் திறந்து காட்டு.'

ஒவ்வொன்றுக்கும் கீழே யுன்சல் அனுப்பிய படம். கட்டணப் படிப்பறை மேசை, விரித்த புத்தகம், பென்சில், தண்ணீர் பாட்டில். ஒரே கோணம். அதே படங்களை அக்காவின் போனிலும் பார்த்திருக்கிறேன். படிப்பறைக்குப் போனால் மணிக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம்.

"உனக்கு அனுப்பற போட்டோவைத்தான் அங்கயும் அனுப்பினேன்," என்றாள் யுன்சல். "நீ ஒரு 'சரி' கூடப் போட மாட்டே. அவங்க 'நல்ல பிள்ளை'ன்னு போடுவாங்க."

அக்கா திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு விரல் நின்றது. போனை என் பக்கம் திருப்பினாள்.

பாதி திறந்த கதவு. உள்ளே பாயில் வாய் திறந்து தூங்கும் நான்.

'அது யார்.'

'மாமா.'

'அவன் இருக்கும் வீட்டில் நீ இருக்க வேண்டாம்.'

எனக்கு முதலில் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் செய்தி இரண்டு மணி ஐம்பத்தெட்டுக்கு வந்திருந்தது.

'உன்னை அனுப்பப் போகிறார்கள். வீட்டுக்கு வந்துவிடு.'

பன்னிரண்டு நாள் முகாம் ஒன்று மலையில் நடக்கிறது. போன் இல்லாமல் இருக்கப் பழக்குவார்கள். அதற்கு யுன்சலின் பெயரைக் கொடுத்துவிட்டதை அக்கா இன்னும் எங்களில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போதுதான் சொன்னாள்.

"எங்க வாங்கினே இதை?"

அக்கம்பக்கத்துப் பழைய பொருள் விற்கும் செயலியில் யுன்சல் வாங்கியிருக்கிறாள். விற்கிறவர் பையைக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிடுவார். வாங்குகிறவர் எடுத்துக்கொண்டு போவார். ஆளும் ஆளும் பார்த்துக்கொள்வதே இல்லை. எல்லோரும் செய்வதுதான், என் சோற்றுக் குக்கரை நானும் அப்படித்தான் எடுத்து வந்தேன்.

"ஒன்பதாவது பிளாக். ஆயிரத்து நூத்தி நாலு. வித்தவங்க பேரு 'பிட்னா அம்மா'ன்னு போட்டிருந்துச்சு."

"பிட்னா அம்மாவும் இல்ல, பாட்டியும் இல்ல. ஆம்பளை," என்றாள் அக்கா. "நாளைக்குப் போலீஸ். புதன்கிழமை முகாம்."

"நீ என்னை அனுப்பறே. அவங்க என்னைக் கூப்பிடறாங்க."

"அவங்கன்னு சொல்லாதே. அவன்."

அன்று குப்பை பிரித்துப் போடும் நாள். அத்தான்தான், பிள்ளைக்குக் கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று, பாட்டில் பையை அவள் கையில் கொடுத்துக் கீழே அனுப்பினார். யுன்சல் ஸ்லிப்பரை மாட்டிக்கொண்டு போனாள். போன் மேசையிலேயே கிடந்தது.

பத்து நிமிடம். இருபது நிமிடம்.

சன்னலிலிருந்து பார்த்தால் குப்பை இடம் தெரியும். யாரோ ஒருவர் அட்டைப் பெட்டியைக் காலால் மிதித்து மடித்துக்கொண்டிருந்தார். யுன்சல் இல்லை.

மேசையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.

அதுவரை அந்தப் போனில் படங்கள் போகத்தான் செய்தன. இப்போது ஒரு படம் வந்திருந்தது. சுவர்த்தாள் உரித்த வெற்று அறை. தரையில், சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பக்கத்தில் எங்கள் வீட்டுப் பாட்டில் பை.

'வந்துட்டா. படிக்கிறா. நல்ல பிள்ளை.'

அக்கா பெட்டியைப் பிடித்து இழுத்தாள். இன்னும் இரண்டு மணி சொச்சம் காட்டியது. நான் அதைத் தரையில் ஓங்கி அடித்தேன். அது உடையவில்லை, விளம்பரத்தில் சொன்னது உண்மைதான்.

"விடு," என்றார் அத்தான். சட்டைக்குள்ளிருந்து தன் போனை எடுத்தார். "பெட்டியில இருக்கறது பழசு."

"நீங்களுமா," என்றாள் அக்கா.

அவர் போலீஸைக் கூப்பிட்டுக்கொண்டு, யுன்சல் திரும்பி வந்தால் இருக்கட்டும் என்று வீட்டிலேயே நின்றார். நானும் அக்காவும் ஓடினோம். அந்தப் போனை அக்கா கையில் எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது பிளாக் வாசலில் காவலாளி பாட்டில்களின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எண்ணைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"அங்க யாரும் இல்லியே தம்பி. அந்த அம்மா போய்ச் சேர்ந்து நாலு மாசம் ஆச்சு."

"எந்த அம்மா?" என்றாள் அக்கா.

"பிட்னா அம்மாதான். அப்பன்காரன் பிட்னாவைக் கூட்டிட்டுப் போயிட்டான். பொண்ணு போனை வீட்டுலயே விட்டுட்டுப் போயிடுச்சு. இந்த அம்மா தினமும் இங்க வந்து நிக்கும். 'என் பொண்ணு வீட்டுலதான் இருக்கா, போன்ல காட்டுது, நீங்க பாத்தீங்களா'ன்னு கேக்கும். என்னத்தச் சொல்றது? அப்புறம் ஒரு நாள் வரல."

"போனை யாரு வித்தாங்க?"

"என்ன வித்தாங்க? வீட்டு ஓனரு எல்லாத்தையும் வாரிக் குப்பையில போட்டாச்சு. எண் பூட்டுல பேட்டரியைக்கூட உருவிட்டாரு. கதவு சும்மாதான் சாத்திக் கிடக்கு."

லிப்டில் அக்கா பதினொன்றை அழுத்தினாள். அவள் இன்னமும் ஓர் ஆணைத்தான் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். கையில் போனைக் கல்லைப் போலப் பிடித்திருந்தாள். நானும் ஓர் ஆணாகவே இருக்கட்டும் என்றுதான் விரும்பினேன். ஆணென்றால் அடிக்கலாம்.

பதினோராம் மாடி நடைவழியில் ஈரச் சிமெண்ட் வாசனை. அதற்கு அடியில், அப்போதுதான் மூடி திறந்த குக்கரிலிருந்து வருவது போல, சூடான சோற்று வாசனை.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

நான் அதை முழுக்கத் தள்ளினேன். எங்கள் வீட்டில் இருப்பதுபோல, சாத்தினால் பாடிப் பூட்டிக்கொள்ளும் எண் பூட்டு; உள்பக்கத்தில் அதன் மூடி கழன்று தொங்கியது. நான்கு பேட்டரிக் குழிகளும் காலி. துரு மட்டும்.

செருப்பு விடும் பள்ளத்தில் யுன்சலின் ஸ்லிப்பர் இருந்தது. அவள் ஒருநாளும் செருப்பை ஒழுங்காக விட்டவள் இல்லை. இங்கே இரண்டும் சேர்ந்து, நுனி வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. வந்த பிள்ளைக்கு வீட்டுக்காரி செய்வதுபோல.

அக்கா தன் செருப்பைக் கழற்றினாள். அந்த வீட்டிலும்.

உள்ளறையில் யுன்சல் படத்தில் இருந்தபடியே இருந்தாள். சுவரைப் பார்த்து, கைகளை முழங்கால்மேல் வைத்து.

"எழுந்திரு," என்றாள் அக்கா.

"இன்னும் அரை மணி இருக்கு," என்றாள் யுன்சல், திரும்பாமல். "அம்மா சொன்னாங்க."

அக்கா அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பிள்ளை எதிர்க்கவில்லை. ஆனால் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. இழுத்துக்கொண்டு வந்த அந்த ஐந்தாறு அடிக்கும் அக்காவின் பாதங்கள் தரையில் வழுக்கின. வாசலில் நான் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கும் புரிந்தது. நாற்பது கிலோப் பெண்ணின் எடை இல்லை அது. யுன்சல் சும்மா நின்றாள். அவள் கை மட்டும் என் பிடிக்குள் உள்பக்கமாக, விடாமல், மெதுவாக இழுத்தது.

அக்கா வெளியே வந்தாள். இழுப்பு கூடியது.

அக்காவின் கையில் போன் அடிக்க ஆரம்பித்தது. திரையில் 'அம்மா'.

"எடுக்கணும்," என்றாள் யுன்சல். "எடுக்கலேன்னா பயந்துடுவாங்க."

அக்கா காதில் வைத்தாள்.

"யாருடா நீ?"

பதில் போனிலிருந்து வரவில்லை. உள்ளறையிலிருந்து வந்தது. கோபமில்லாத, களைத்த, சாதாரணமான ஒரு பெண் குரல்.

"பிள்ளை எங்க?"

அக்காவின் முகத்திலிருந்து அந்த ஆண் போய்விட்டான். அதை நான் பார்த்தேன்.

"என்கிட்ட இருக்கா," என்றாள்.

"காட்டு."

"காட்ட மாட்டேன். இது உன் பிள்ளை இல்ல. இவ பேரு யுன்சல். நான் இவ அம்மா."

"அம்மான்னா எதுக்கு மலைக்கு அனுப்பறே?"

அக்கா போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

யுன்சலின் தோள்பட்டை மெல்ல நெட்டி முறிவதுபோலச் சத்தமிட்டது. நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். என் செருப்பு நடைவழியில் தேய்ந்து முன்னால் நகர்ந்தது. ஓரடி. இன்னும் கொஞ்சம்.

"அக்கா. பிடிக்க முடியல."

அக்கா அவசரத்தில் பிள்ளையின் இடுப்பைப் பிடிக்க, செருப்புப் பள்ளத்துக்குள் ஒரு காலை வைத்தாள்.

தான்தான் அம்மா என்று சொன்ன பிறகு அவள் உள்ளே வைத்த முதல் அடி அது. இழுப்பு நின்றது.

காலை வெளியே எடுத்தாள். யுன்சலின் கை மறுபடி இழுத்தது.

அக்கா இதை இரண்டாவது முறை செய்து பார்த்தாள். கடையில் தராசைச் சந்தேகப்பட்டு மறுபடி நிறுக்கச் சொல்வாளே, அதே முகம்.

"அக்கா, வேணாம்."

"இவளைப் பிடிச்சுக்கோ. லிப்ட் வேணாம், படியில இறங்கு."

"அத்தான் போலீஸுக்குச் சொல்லிட்டாரு. வந்துடுவாங்க."

"வந்து யாரைப் பிடிப்பாங்க?"

அவள் யுன்சலின் தலையைத் தொடப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, தொடவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை.

"முகாம் வேணாம்," என்றாள் அவளிடம். "ரத்து பண்ணச் சொல்லி அப்பாகிட்ட சொல்லு."

"சரி," என்றாள் யுன்சல். அவள் கண் அக்காவைத் தாண்டி உள்ளே பார்த்தது.

அக்கா உள்ளே போனாள். வெறுங்காலோடு, முதுகை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்தில் புகார் சொல்லப் போகிறவளைப் போல. உள்ளறை வாசலில் நின்றாள். எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டாள்.

"உட்காரு," என்றது குரல். "இன்னும் அரை மணி இருக்கு."

யுன்சலின் கை என் பிடியில் தளர்ந்தது. அது வெறும் பிள்ளைக் கையாக, வேர்த்து, எடையில்லாமல் இருந்தது.

காற்று இல்லை. கதவு அவசரப்படாமல் தானாகவே சாத்திக்கொண்டது. பேட்டரி இல்லாத பூட்டு நான்கு ஸ்வரம் பாடி உள்ளிருந்து பூட்டிக்கொண்டது.