மூன்றாவது ஸலாம்

வத்தேகமவில் மிளகுத் தோட்டத்தை ஒட்டிய அந்தப் பழைய வாடகை வீட்டுக்கு லாபிரும் பஸீஹாவும் குடிவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்பு இருந்தவர் விட்டுப்போன பெரிய ஸ்டீரியோ செட் ஒன்று ஹோலில் கிடந்தது. லாபிர் கண்டியில் வாங்கிய புளூடூத் அடாப்டரை அதன் பின்னால் சொருகினான். அவனுடைய தம்பி நுஸ்கி முந்திக்கொண்டு தன் போனை இணைத்தான்.

"பத்து மீட்டருக்குள்ள நிண்டாத்தான் பிடிக்கும், மதினி. நீல லைட் மின்னினா ஆளில்ல. மின்னாம எரிஞ்சா ஆரோ கனெக்ட்."

போகும்போது சீண்டினான்: "ரெண்டு மாசத்தில கம்பளைக்கே, உம்மாட காலடிக்கே வந்துருவீங்க, பாருங்க."

கம்பளையில் உள்ள மாமியார் வீட்டுக்கு இனித் திரும்புவதில்லை என்று பஸீஹா சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

திங்கட்கிழமை பின்னேரம் அஸர் தொழுது எழுந்தபோது செட் பேசியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

கரகரத்த ஆண் குரல். நீல விளக்கு மின்னாமல் எரிந்தது. லாபிர் வேலைக்குப் போயிருந்தான். அவளுடைய போனிலோ புளூடூத் போடவே இல்லை. மிச்சம் நுஸ்கி ஒருவன்தான். அவள் வாய் திறக்கவில்லை.

செவ்வாய், அதே நேரம், அதே ஸலாம். ஓடிப்போய்த் தண்ணீர்த் தாங்கியின் பின்புறம், கொய்யா மரத்தடி, வேலி எல்லாம் பார்த்தாள். ஈர மண் வாடைதான் இருந்தது. காலடித்தடம் ஒன்றுகூட இல்லை.

"உங்கட தம்பிட வேல," என்றாள் இரவு.

"கம்பளையில இருந்து பஸ் ஏறி வந்தா? அவனுக்கு வேற வேல இல்லயா?" லாபிர் சிரித்தான்.

வாசலில் நின்று மூன்று தடவை ஸலாம் சொல்லியும் பதில் வராவிட்டால், வந்தவர் திரும்பிப் போய்விட வேண்டும். அதுதான் முறை. புதன்கிழமை மூன்றாவது ஸலாம் வந்தபோது பஸீஹா பேசாமல் இருந்திருக்கலாம்.

கோபம் விடவில்லை.

"வஅலைக்கும் ஸலாம். உள்ள வாங்க தம்பி, தேத்தண்ணி ஊத்தித் தாறேன்."

நீல விளக்கு மின்னத் தொடங்கியது.

வாசற்கதவின் கொண்டி தானாகக் கழன்று விழுந்தது.

யாரும் வரவில்லை. ஈர மண் வாடை மட்டும் ஹோலுக்குள் வந்து நின்றது.

நுஸ்கிக்குப் போன் எடுத்தாள். அந்தப் பக்கம் "நுவரெலிய, நுவரெலிய" என்று பஸ்காரன் கூவுவது கேட்டது.

"நீ எங்க ஈக்கிற?"

"கம்பளையில, கடையில. ஏன் மதினி?"

அவள் சுவரோடு சாய்ந்தாள்.

"மாமிட வீட்டில எங்கட ரூம் இன்னும் சும்மாத்தான் ஈக்கா, நுஸ்கி?"

"ஈக்கு." அவன் குரல் தாழ்ந்தது. "லாபிர் நானா வந்துட்டாரா மதினி?"

"இல்ல. நான் தனிய."

"அப்ப பக்கத்தில பேசுறது ஆரு?"

"என்ன பேசுறாங்க?" கிசுகிசுத்தாள்.

"சீனி போட வேணாமாம்."