வீட்டுக் குழுவின் அலர்ட்

இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. இஞ்சி வாசம் வரவில்லை.

ஜெரூஷா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை நாளில் அனகாபுத்தூரில் மூக்கை நம்பிப் பயனில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் சேறும் சாக்கடையும், எப்போதோ மூடிப்போன தோல் ஷெட்டுகளின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து இரண்டாவது மாடி வரை ஏறி வந்து, வீட்டில் வேறெந்த வாசத்துக்கும் இடம் விடாமல் உட்கார்ந்துகொள்ளும். காலையிலிருந்து ஒரே கொட்டு. கீழ்வீட்டுக்காரர்கள் வண்டிகளைத் தெருமுனை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் ஆவதற்குள் கரண்டும் போயிற்று; வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஜெரூஷாவின் லேப்டாப் மட்டும் பேட்டரியிலும் போன் நெட்டிலும் ஓடியது. ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓய்ந்துவிட்ட வீட்டில் சின்னச் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. சமையலறையில் கல்லின் மேல் இஞ்சியை நசுக்கும் சத்தம், டம்ளரை டம்ளருக்குப் பக்கத்தில் வைக்கும் சத்தம், நடுநடுவே ஏதோ ஒரு ஞானப்பாட்டின் முனகல்.

அது அவளுடைய மாமியார் யூனிஸ். பம்மலில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தெருவுக்கே டீச்சர். மழையோ வெயிலோ, சாயங்கால டீ போடும் உரிமையை மட்டும் மருமகளுக்கு விட்டுக்கொடுத்ததில்லை. மாமியார் மருமகள் சண்டையை வேடிக்கை பார்க்கலாம் என்று காத்திருந்த அக்கம்பக்கத்தார் ஏமாந்ததுதான் மிச்சம். ஜெரூஷாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். அந்த இடம் ஒன்று காலியாக இருந்ததும், அதில் டீச்சர் கேட்காமலேயே வந்து உட்கார்ந்துகொண்டதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஜெரூஷாவின் வேலை. தனியாக வாழும் வயதானவர்களின் மணிக்கட்டில் கட்டும் கைப்பட்டைகளை ஒரு கம்பெனி விற்கிறது. நாடித்துடிப்பு, உடம்புச் சூடு, நடமாட்டம் எல்லாவற்றையும் பட்டை அளந்து அனுப்பும். அது கிளவுடில் ஒரு டேட்டாபேஸில் போய்ச் சேரும். டேட்டாபேஸ் திணறினால், எங்கோ ஒரு பெரியவர் விழுந்த செய்தி அவர் பிள்ளைக்குத் தாமதமாகப் போகும். அதனால் டேட்டாபேஸ் எவ்வளவு திணறுகிறது என்று ஒரு பச்சைக் கோடு அவள் லேப்டாப்பில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். கோடு எல்லை தாண்டினால் அலர்ட் அலறும். பெரியவர்களின் பட்டை அலறினாலும் அவள் காதில்தான் விழும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு அலறலுக்கும் பதறி எழுந்தாள். குளியலறையிலிருந்து தலையில் துண்டோடு ஓடி வந்திருக்கிறாள். ஆனால் பத்தில் ஒன்பது ஒன்றுமில்லாத அலறல்கள். யாரோ பட்டையைக் கழற்றி வைத்திருப்பார்கள், யாரோ பேரப்பிள்ளையின் கையில் கட்டி விளையாட்டுக் காட்டியிருப்பார்கள். போகப் போக அவளுக்கு உள்ளே ஏதோ மரத்துப்போயிற்று. இப்போதெல்லாம் அலர்ட் வந்தால் நெஞ்சு படபடப்பதில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அளவுக்குக்கூட அது அவளைத் தொடுவதில்லை. துக்க வீட்டுக்குப் போனாலும் அழுகை வருவதில்லை. அது ஒன்றுதான் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அலறல்களிலேயே மோசமானது வீட்டுக் குழு. புதுப் பட்டை எது வந்தாலும் கம்பெனி முதலில் தன் ஊழியர்களின் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் கட்டிப் பார்க்கும். ஓசிப் பட்டை, அரைகுறைப் பட்டை, எதற்கெடுத்தாலும் கத்தும். அதனால் வீட்டுக் குழு என்று பார்த்ததும் பெயரைக்கூடப் படிக்காமல் இரவு வரை மியூட் செய்துவிடுவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. பெரியவர்கள் கூடவேதானே இருக்கிறார்கள், எழுந்து போய்ப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது என்பது அதற்கு அவர்கள் வைத்திருந்த நியாயம். எழுந்து போய்ப் பார்த்தவர்கள் குறைவு. இன்றைக்கும் மதியம் ஒன்று வந்தது. காதை அடைக்கும் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் இருந்த ஜெரூஷாவின் விரல், அவளைக் கேட்காமலேயே அதை மியூட் செய்தது.

"ஜெரூ, டீ ஆயிடுச்சும்மா" என்றது சமையலறைக் குரல்.

"வரேன் அத்தை" என்றாள். வரவில்லை. ஏனென்றால் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில் கோடு தாழ்ந்திருக்க வேண்டும். மழைக்குப் பெரியவர்கள் படுத்துக்கிடப்பார்கள். பட்டைகளுக்கு அனுப்ப அதிகம் இருக்காது. ஆனால் கோடு சாய்வாக, அவசரமில்லாமல், ஆற்றுத் தண்ணீர் படிக்கட்டில் ஏறுவதைப் போல ஏறிக்கொண்டிருந்தது. மதியத்திலிருந்தே ஏறியிருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. டேட்டாபேஸிடம் வந்து விழும் எந்தக் கேள்வி அதை இப்படி மூச்சு முட்ட வைக்கிறது என்று பட்டியலைப் பிரித்தாள். எல்லாம் ஒரே கேள்வி. எல்லாம் ஒரே பட்டையிலிருந்து.

மியூட் செய்த அலர்ட் செத்துப்போவதில்லை. வாயைப் பொத்தினாலும் அது திரும்பத் திரும்ப வந்து தட்டும். தட்டியதற்கு அடையாளமாக டேட்டாபேஸில் ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போகும். பதிலே வராவிட்டால் இன்னும் வேகமாகத் தட்டும். இந்தப் பட்டை மதியத்திலிருந்து தட்டிக்கொண்டிருந்தது. இப்போது கண் இமைப்பதற்குள் பல தடவை.

ஷிஃப்ட் லீட் ஹர்ஷாவை அழைத்தாள். அவன் தாம்பரத்தில் தன் வீட்டிலிருந்து, வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினான். வீட்டுக் குழுப் பட்டைதானே, பிளாக் செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றான். யாருடையது என்று கேட்டான். அப்போதுதான் அவள் பெயரைப் படித்தாள்.

"எங்க அத்தையோடது" என்றாள்.

ஹர்ஷா சிரித்தான். "அவங்க பாடறது இங்க வரைக்கும் கேக்குது. பட்டைதான் புட்டுக்கிச்சு போல. பிளாக் பண்ணுங்க ஜெரூஷா."

போனை வைத்த பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜெரூஷா பிளாக் பொத்தானின் மேல் விரலை வைத்துவிட்டு, சும்மா ஒரு தடவை, பட்டை அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். நாடி: இல்லை. நடமாட்டம்: இல்லை. சரி, கழற்றி வைத்திருப்பார். ஆனால் கழற்றினால் பட்டை அதையும் சொல்லும். இது அப்படிச் சொல்லவில்லை. கையில் உள்ளது, தோலில் ஒட்டியுள்ளது என்றது. அடுத்து உடம்புச் சூடு. மதியம் அது எல்லோருக்கும் இருப்பதைப் போலத்தான் இருந்தது. பிறகு இறங்கியது. அவசரமில்லாமல், அழகாக, நடுவில் எங்கும் நிற்காமல் இறங்கி, கரண்டில்லாத இந்த வீட்டின் குளிர்ச்சியை எட்டியதும் நின்றுவிட்டது.

சென்சார் கோளாறு இப்படி இருக்காது. கோளாறு என்றால் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். இது குதிக்கவில்லை.

பயப்பட வேண்டிய நேரம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. பழக்கதோஷத்தில் முதலில் காரணம் தேடினாள். புதுப் பட்டை. மழை. நெட்வொர்க். ஒவ்வொன்றாகத் தேடி ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"அத்தை" என்று இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். "பட்டை கையிலதானே இருக்கு?"

முனகல் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"கையிலதான்மா இருக்கு."

"மத்தியானம் குளிக்கப் போனீங்கல்ல? அப்போ கழட்டினீங்களா?"

குரல் சமையலறையிலிருந்துதான் வந்தது. டீச்சரின் குரல்தான், வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் எட்டும் அதே நிதானம்.

"இன்னும் குளிச்சு முடியலம்மா."

ஜெரூஷா எழுந்தாள். எழுந்தது தெரிந்தது, தரை காலில் படுவது தெரியவில்லை. கணவன் டெனிஸுக்கு ஒரு செய்தி அனுப்பலாமா என்று யோசித்தாள். அவன் ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். படப்பையைத் தாண்டிவிட்டேன், ரோடெல்லாம் தண்ணீர் என்று கொஞ்சம் முன்புதான் சொல்லியிருந்தான். என்னவென்று எழுதுவது? உன் அம்மா டீ போட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கு நாடி இல்லை என்றா? போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

இடது பக்கம் சமையலறை. அவள் வாசலை நெருங்க நெருங்க டம்ளர் சத்தம் மெலிந்தது, எட்டிப் பார்த்தபோது நின்றது. உள்ளே யாரும் இல்லை. அடுப்பைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. இஞ்சிக் கல் காய்ந்து கிடந்தது. டம்ளர்கள் காலையில் அவளே கழுவிக் கவிழ்த்த இடத்தில் கவிழ்ந்தபடி இருந்தன.

வீட்டில் வேறொரு சத்தம் இருந்தது. அதுவும் ரொம்ப நேரமாக இருந்திருக்கிறது. மழை என்று நினைத்து விட்டிருக்கிறாள். ஹாலின் கோடியில், குளியலறையில், நிறைந்த வாளியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அங்கே போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. அம்மா வழுக்கி விழுந்தால் உள்ளே போக வேண்டுமே என்று டெனிஸ் உள்தாழ்ப்பாளைக் கழற்றிப்போட்டிருந்தான். தள்ளினாள். கதவு கொஞ்சம் திறந்து, எதன் மேலோ மெத்தென்று இடித்து நின்றது. இடுக்கு வழியாக உடம்பை நுழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டீச்சர் தரையில் கிடந்தார்.

ஒருக்களித்து. முழங்கால்கள் மடங்கிக் கதவோரம். கழுத்தில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. ஒரு கை முன்னால் நீண்டு, விரல்கள் கதவின் அடிப்பலகையைத் தொட்டபடி மடங்கியிருந்தன. பலகையில் கீறல்கள். நிறைய. புதியவை. அந்தக் கையில் பட்டையின் சின்னப் பச்சை விளக்கு மினுங்கியது. மினுங்கியது. மினுங்கியது.

ஜெரூஷா ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீரின் குளிர்ச்சியும் கையின் குளிர்ச்சியும் ஒன்றாக இருந்தன. "அம்மா" என்றாள். அத்தை என்று சொல்லவில்லை. அழ வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டாள். வரவில்லை.

பின்னால் சமையலறையில் இஞ்சி தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

டொக். டொக். டொக்.

அவள் திரும்பவில்லை. அவள் முதுகு உரசியதில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. போன் வெளிச்சம் டீச்சரின் முகத்தில் விழுந்திருந்தது. அதை வேறு பக்கம் திருப்பவும் கை வரவில்லை.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். டெனிஸ்.

இஞ்சி சத்தம் நின்றது. ஹாலில் செருப்புச் சத்தம். டீச்சரின் வீட்டுச் செருப்பு, வலது கால் கொஞ்சம் இழுத்து. குளியலறையைக் கடந்து போயிற்று. தாழ்ப்பாள் விலகியது.

"என்னம்மா இருட்டுல?" டெனிஸின் குரல். களைப்பாக, சந்தோஷமாக. குடையை உதறும் சத்தம்.

போகாதே என்று கத்த வேண்டும். கிட்டே போகாதே. வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் வந்தது.

"ஜெரூ எங்க?" என்றான் டெனிஸ். "ஜெரூ..."

"அவளைக் கூப்பிடாதப்பா" என்றது வெளியே இருந்த குரல்.

ஜெரூஷா கீழே பார்த்தாள்.

"அவளுக்குக் கேக்காது."

டார்ச் வெளிச்சத்தில், அவள் மடியை ஒட்டி, நீலம் பாரித்த அந்த உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்துகொண்டிருந்தன.

"மத்தியானம் நான் எவ்வளவு கூப்பிட்டேன்."