நீலம் பூத்த பாரம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் லிந்தாவ்ரா பாரக்கல்லை விட்டு நகர்ந்தாள். புதன்கிழமை காலையில் பார்த்தால், அதன் துருப்பிடித்த வெடிப்புகளிலெல்லாம் மறுபடியும் நீலம் பூத்திருந்தது. வெளிறிய வான நீலம். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது, விரலில் ஒட்டிக்கொண்டு லேசாகக் குளிர்ந்தது. மாவுக்கொட்டகை முழுக்கப் புளித்த மரவள்ளி வாடையும் ஈரமண் வாடையும் கலந்து கிடந்தன. கூரைமேல் தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. பிழியும் கூடையில் கிழங்கே இல்லை. ஆனாலும் கல்லுக்கு அடியிலிருந்து ஏதோ சொட்டுவது கேட்டது.

மூன்று குளிர்காலமாக அந்தக் கல்தான் பாரம். பின்பக்கக் குன்றில் கிழங்கு தோண்டும்போது அவள் புருஷன் ஒஸ்னிக்கு அகப்பட்டது. ஆட்டுக்குட்டி அளவுதான் இருக்கும், மூன்று ஆள் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. துருவிய மரவள்ளியைக் கூடையில் திணித்து அதை மேலே ஏற்றினால், விஷச்சாறு ஒரே பகலில் வடிந்துவிடும். மற்ற வீடுகளில் இரண்டு நாள் ஆகும். பாபிட்டோங்கா விரிகுடாக்கரையில் இவ்வளவு நல்ல பாரம் யாரிடமும் இல்லை என்று அவளே நாலு பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த மாவைத்தான் மூவரும் மீன் குழம்பில் கிளறித் தின்றார்கள். மகள் ஜுசேலியா சட்டியையும் வழித்துத் தின்பாள்.

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பல் விழுவது ஒன்றும் அதிசயமில்லை. ஞாயிற்றுக்கிழமை விழுந்த பல்லை லிந்தாவ்ரா கையில் வாங்கியபோது, அது வேகவைத்த பயறு மாதிரி நசுங்கியது. உள்ளே நீலம். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. பிள்ளைக்கு வலியில்லை, காய்ச்சலில்லை. தூக்கினால் மட்டும் நாளுக்கு நாள் எடை குறைந்துகொண்டே வந்தது.

"அதக் கொண்டுபோய்த் தொலைச்சிடு ஒஸ்னி. இன்னிக்கே."

"கல்லு என்ன பண்ணுச்சு உன்ன? நான் சோம்பேறியா கெடந்தாக்கூட நீ இவ்ளோ கத்தினதில்ல."

"சிரிக்காத. எம் புள்ளயத் தின்னுது அது."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் சிரிப்பை நிறுத்தினான். இரண்டு அண்டைவீட்டுக்காரர்களைக் கூப்பிட்டான். வழக்கத்தைவிடக் கனக்கிறதே என்று மூவரும் முனகிக்கொண்டே அதை உருட்டிப் படகில் ஏற்றினார்கள். ஆழத்தில் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஒஸ்னி தனியாகவே துடுப்புப் போட்டான். லிந்தாவ்ராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

படகு போய்க் கொஞ்ச நேரத்தில் வால்மோர் வந்தார். தலைநகரத்து அருங்காட்சியகத்தில் கல் ஆராய்கிறவர், போன மாதம் நீலத்தைச் சுரண்டி எடுத்துப்போனவர். நனைந்த சட்டையோடு கொட்டகைக்குள் வந்து, வெறுங்கூடையைப் பார்த்து நின்றார்.

"அது வானத்துலேர்ந்து விழுந்த இரும்பும்மா. அந்த நீலம் நிக்கலும் பாஸ்பரசும் தண்ணியும் சேர்ந்து பூக்கறது. இரும்பு மக்குறப்ப வரும். உலகத்துலயே ரொம்ப அபூர்வம்."

"வந்துட்டுப் போகட்டும் சார். எங்களுக்கென்ன?"

"இரும்புல இருக்கற பாஸ்பரஸ் தீர்ந்தா பூக்கறது நிக்கணும். இதுல எப்பவோ தீர்ந்துபோச்சு. எங்க கண்ணாடிக் குப்பியிலகூட இன்னும் பூத்துக்கிட்டே இருக்கு. எங்கிருந்தோ எடுத்துக்குது."

"பாஸ்பரஸ் வேற எதுல சார் இருக்கும்?"

அவர் திரும்பினார். வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஜுசேலியாவைப் பார்த்தார். அவள் கால்களை மடக்கியிருந்த விதத்தைப் பார்த்தார்.

"எலும்புல," என்றார். "கல்லு எங்கம்மா?"

அவள் கடலைக் காட்டினாள்.

"உப்புத் தண்ணியிலயா? ஐயோ. உப்பு பட்டா இரும்பு பத்து மடங்கு வேகமா மக்குமே! குப்பியில ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், ராத்திரிக்குள்ள நீலம் ரொம்பி வழிஞ்சிருச்சு."

லிந்தாவ்ரா கரைக்கு ஓடினாள். தூறலுக்கு அப்பால் படகு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. ஒஸ்னி என்று கத்தினாள். காற்று எதிர்த்து வீசியது. தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டு கையையும் ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று. அவன் பார்த்தான். கையை ஆட்டிப் பதில் சொன்னான். குனிந்து, துடுப்பைக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்பினான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

நிமிர்ந்தது.

"அம்மா."

ஜுசேலியா கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவது போலத்தான் கூப்பிட்டாள். லிந்தாவ்ரா திரும்பி ஓடினாள். வால்மோர் படியருகே சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"அம்மா, கீழ போய்க்கிட்டே இருக்கேன்."

"இங்கதான இருக்கே, செல்லம். அம்மா கைய புடிச்சுக்கோ."

"இருட்டா இருக்கும்மா. ரொம்ப ஆழமா இருக்கு."

வெளிச்சம் இருந்தது. பிள்ளையின் கண்கள் திறந்தே இருந்தன. அவள் அந்தச் சின்னக் கையைப் பற்றினாள். இறுக்கிப் பற்றினாள்.

விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடிந்தன. பிழிந்த மாவு மாதிரி. வலிக்கவில்லை போல. ஜுசேலியா சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, மூட்டே இல்லாத இடத்தில், கை மெல்லத் தொங்கியது. பிறகு கழுத்து. லிந்தாவ்ரா இன்னொரு கையால் தலையைத் தாங்கினாள். அது அவள் உள்ளங்கையின் வடிவத்துக்கு அமுங்கியது. விட்டால் விழுந்துவிடும். பிடித்தால் நசுங்கும். பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அவள் அப்படியே மண்டியிட்டிருந்தாள். அவள் விரலிடுக்கில் ஈர நீலம் கசிந்துகொண்டிருந்தது. அந்த வாய் இன்னும், ஒரே நிதானத்தில், எவ்வளவு ஆழம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.